பால் இறங்கும் முன் ஒரு நிமிடம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பிரேக் மேடம் என்று பட்டப்பெயர். கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். அதை அவள் தேவையில்லாமல் ஒருநாளும் மிதித்ததில்லை. பாதத்தை அதன்மேலிருந்து எடுத்ததும் இல்லை. எதிரே லாரி ஏறி வந்தாலும் அவள் குரல் ஏறாது. "கொஞ்சம் ஓரமாப் போங்க" என்பாள், பேனா இருக்கா என்று கேட்கிற மாதிரி. அவளிடம் படித்தவர்களில் பாதிப்பேர் அந்தக் குரலை நம்பித்தான் ஸ்டியரிங்கைத் தொட்டார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு, குழந்தை பிறந்தபிறகு, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் ஒன்று வந்து சேர்ந்தது.

முதல்முறை வந்தது ஆஸ்பத்திரியில். பால் நன்றாகக் கட்டியிருந்த ஒரு காலை. நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து மார்போடு சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். குழந்தை கவ்வியது. கொஞ்ச நேரத்தில் அவள் வயிற்றுக்குள் ஏதோ கழன்று கீழே விழுந்ததுபோல் இருந்தது. வலி இல்லை. பள்ளிக்கூடத்தின் முதல் நாளில் அம்மா விட்டுவிட்டுப் போனபின் வகுப்பறை எப்படி இருந்ததோ, அந்த அறை அப்படி ஆகிவிட்டது. எல்லாம் வீண், இனி எதுவும் சரியாக நடக்கப்போவதில்லை என்று தோன்றியது. எதனால் என்று தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் மார்பில் சுருக்கென்று பால் இறங்கியது, குழந்தை மடக் மடக்கென்று குடித்தது, துக்கம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. நர்ஸ் மறுபடி எட்டிப் பார்த்தபோது அவள் குழந்தையின் காதுமடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அலுப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். எல்லோருக்கும் இப்படித்தான் போல, யாரும் வெளியே சொல்வதில்லை போல என்றும் நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் அது ஒவ்வொரு தடவையும் வந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் பால் கொடுப்பாள். எதிர்க் கட்டடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிறம்தான் மனசை அழுத்துகிறது என்று முடிவுகட்டி நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். கூடத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்கள். பிறகு நாற்காலியே ராசியில்லை என்று பட்டது. கணவன் ஒரு முனகலும் இல்லாமல் அதைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான். கடைசியில் அடுப்படித் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கொடுத்துப் பார்த்தாள். துக்கம் அடுப்படிக்கும் வழி கேட்டுக்கொண்டு வந்துவிட்டது.

பொருள்கள்மேல் பழிபோட்டு ஓய்ந்தபின் மனிதர்கள்மேல் சந்தேகம் திரும்பியது. கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடையிலிருந்து வந்ததும் கைகழுவிவிட்டுக் குழந்தையருகில் உட்காருவான். பிறந்தபோது கீச்சு கீச்சென்று கத்தியதால் அவன்தான் குழந்தைக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தான். அந்த நிமிடத்தில் அவன் அருகில் இருந்தால், அவன் தோள் சரிந்திருக்கும் விதமும் மூக்கை உறிஞ்சும் சத்தமும் அவளுக்குத் தாங்காது. தப்பான ஆளோடு வாழ்க்கையைக் கழிக்கிறோம் என்று தோன்றும். பால் இறங்கியதும் அதே ஆள் பழைய நல்லவனாகிவிடுவான். இதில் எந்த ஆள் நிஜம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

கணவனின் அக்கா பக்கத்துத் தெருவில் இருந்தாள். துணி தைப்பது அவள் தொழில். தையல் மிஷினை இங்கேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். வாயாடி, ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டாள். ஒருநாள் மிஷினை நிறுத்திவிட்டு நேரடியாகவே கேட்டாள்.

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. புள்ள வாய வெச்சதும் நீ ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?"

"திருப்பிக்கிறேனா?"

"தெனமும்."

அப்படியானால் நமக்குக் குழந்தையையே பிடிக்கவில்லையோ என்ற எண்ணம் அன்றுதான் முதன்முதலாக உள்ளே நுழைந்தது. ஆனால் மற்ற நேரமெல்லாம் சுண்டெலியின் உச்சந்தலையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். குளிக்கப் போனால்கூடக் கதவைச் சாத்தாமல் குழந்தையின் மூச்சுக்குக் காதுகொடுத்தாள். பிடிக்காத குழந்தைக்கு யார் இப்படிச் செய்வார்கள்? பிடித்த குழந்தையிடமிருந்து யார் முகத்தைத் திருப்புவார்கள்? நாத்தனாருக்கு நூல் கோர்த்துக் கொடுத்தாள்.

நாத்தனாரே ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, நாள் முழுக்க அழுகை வருகிறதா, எதிலும் ஆசை இல்லாமல் போய்விட்டதா என்று அவர் பொறுமையாகக் கேட்டார். தூக்கம் வந்தது, குழந்தை விட்டால். பசி அகோரமாக இருந்தது. நாள் முழுக்க அழுகையெல்லாம் இல்லை. பிரசவத்துக்குப்பின் வருகிற மனச்சோர்வு இல்லை, பயப்படாதீர்கள், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவளும் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்று கேட்டு வெளியே வந்தவளுக்கு முன்னைவிடக் குழப்பம் அதிகமாயிற்று. ஒன்றும் இல்லையென்றால் இது என்ன?

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினாள். பள்ளி முதலாளி நலம் விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். நகரத்தின் மறுகோடியில் புதுக் கிளை திறந்தாயிற்று. அதை அவள் பொறுப்பில் விடத்தான் அவர் எண்ணியிருந்தாராம். அவள் பிரசவத்துக்குப் படுத்திருந்தபோது வீட்டுக்குப் போன் செய்தாராம். கைக்குழந்தையோடு அவளால் முடியாது, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவன் சொல்லிவிட்டானாம். அவளுக்கு இது புதுச் செய்தி. முதலாளி முன்னால் காட்டிக்கொள்ளாமல் தலையாட்டினாள். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், சொல்ல மறந்திருப்பார் என்று அன்று மாலையே மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வேலைக்குப் போனால் துக்கம் வீட்டோடு நின்றுவிடும் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையும் உடைந்தது. அவளிடம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கை நிறைய மாவு வாசனை, ரவுண்டானாவைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கு உண்மையில் நன்றாகவே ஓட்டினார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சிக்னலில் நின்றார்கள். யாரோ ஒருத்தியின் தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. இவளுக்கு அதைக் கேட்டதாகக்கூட நினைவில்லை. பச்சை விழுந்து கார் நகர்ந்ததும் வயிற்றுக்குள் அந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த ரொட்டிக்கடைக்காரரின் விரல்களைப் பார்த்தாள். இவர் ஒருநாளும் கற்றுக்கொள்ளப்போவதில்லை, நானும் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததில்லை என்று பட்டது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன.

"உங்களால முடியாது. எதுக்கு உங்களையும் வருத்திக்கிட்டு என்னையும் வருத்தறீங்க? வீட்டுக்குப் போங்க" என்றாள்.

அதே பழைய குரலில்தான் சொன்னாள். அதனால்தான் அது அவரைச் சுட்டிருக்க வேண்டும். அவர் காரை ஓரங்கட்டி, சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்து, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துபோனார். அவர் சாலையைக் கடப்பதற்குள் அவளுக்கு மனசு தெளிந்துவிட்டது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று திகைத்தாள். குனிந்து பார்த்தால் சட்டையின் முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

அந்த வாரமே வீட்டிலும் வெடித்தது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே கணவன் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரையை மாற்றலாமா என்று என்னவோ கேட்டான். அந்த நிமிடம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"நான் உங்களக் கட்டிக்கிட்டிருக்கவே கூடாது. என் வேலைய என்னக் கேக்காமலே வேணாம்னு சொன்னவர் நீங்க. உங்ககூட இருந்தா நான்னு ஒருத்தி இல்லாமலே போயிடுவேன். பிரிஞ்சிடலாம்."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பால் இறங்கியது. அவளுக்கு உலகம் பழையபடி ஆயிற்று, அவனுக்கு ஆகவில்லை. அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

அவன் கூடத்தில் படுக்க ஆரம்பித்தான். குழந்தையைத் தூக்கினான், பாத்திரம் கழுவினான், ஒரு வார்த்தை மிகையாகப் பேசவில்லை. சில நாள் கழித்து, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அன்னிக்கு சொன்னது நெஜமா?"

"தெரியல."

அவள் உள்ளதைத்தான் சொன்னாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அவன் முகம் அவ்வளவு வாடியிருக்காது.

முடிச்சை அவிழ்த்தது அவளுடைய கைதான். பள்ளி வாசலில் காரை நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தாள். போனில் நாத்தனார் அனுப்பிய குழந்தைப் படத்தைப் பார்த்தாள். துக்கம் வந்தது. இப்போது எதற்கு, யார்மேல் என்று வழக்கம்போல் தேட ஆரம்பித்தவள், தன் வலது கை ஏற்கெனவே பைக்குள் போய், பால் கசிந்தால் வைக்கிற துணியை எடுத்துச் சட்டைக்குள் வைப்பதைப் பார்த்தாள். இன்னும் பால் வரவில்லை. கைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அடுத்து என்ன வரும் என்று கை பல நாளாகவே அறிந்துவைத்திருக்கிறது; தலைக்குத்தான் எட்டவில்லை. துணியை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். சுருக்கென்றது. நனைந்தது. துக்கம் போய்விட்டது. காரில் தனியாக உட்கார்ந்து, "பாலா?" என்று வாய்விட்டே கேட்டாள்.

சுண்டெலிக்குத் தடுப்பூசி போடப் போனபோது குழந்தைகள் டாக்டரிடம் இதைச் சொன்னாள். அந்தம்மா அவசரக்காரி, ஒருத்தியைப் பார்க்கும்போதே அடுத்தவளைக் கூப்பிடுவாள். இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள். துக்கம் பால் இறங்குவதற்கு முன்னால் வருகிறதா பின்னாலா, எவ்வளவு நேரம் நிற்கிறது, பம்ப் வைத்து எடுத்தாலும் வருகிறதா என்று துருவித் துருவிக் கேட்டாள். பிறகு கதவைச் சாத்தச் சொன்னாள்.

"பால் ஊறுறதுக்கு ஒரு ஹார்மோன், ஊறின பால வெளிய தள்ளுறதுக்கு இன்னொண்ணு. ரெண்டும் மூளை சொன்னாத்தான் கெளம்பும். இதுல அந்த ஊற வைக்கிற ஹார்மோன மூளை எப்பவுமே அமுக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்கும். டோபமின்னு ஒண்ணு, அத வெச்சு."

"பிரேக்ல கால வெச்சுக்கிட்டே இருக்கற மாதிரியா?"

"அதேதான். கொழந்த வாய வெச்சதும் கால எடுக்கும். டோபமின் கொஞ்ச நேரம் எறங்கும், ஹார்மோன் ஏறும். அழுற சத்தம் கேட்டாலே, புள்ளைய நெனச்சாலேகூட சில பேருக்குப் பால் எறங்க ஆரம்பிச்சிடும். டோபமின் பாலுக்கு மட்டும் உள்ளது இல்லம்மா. மனசுல ஒரு தெம்பு, ஒரு ஆசை, அதுக்கெல்லாமும் அது வேணும். முக்காவாசிப் பேருக்கு அது எறங்குறதே தெரியாது. உங்களுக்குத் தடால்னு எறங்குது போல. அப்படித்தான் நெனைக்கிறாங்க, இன்னும் யாரும் உறுதியா சொல்லல."

இது மனிதர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டாள். பசு, எலி, பால் கொடுக்கிற எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஏறக்குறைய இதுதான் என்றாள் டாக்டர். எலிக்கும் இந்தத் துக்கம் வருமா என்றாள் இவள்.

"எலிகிட்ட யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டு டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டாள். மாதங்கள் போகப்போகக் குறையலாம், பால் நிறுத்தினால் நின்றுவிடும், நடுவில் நாள் முழுக்கப் பரவினால் உடனே வரவேண்டும் என்றாள். அந்த நிமிடத்தில் எந்த முடிவும் எடுக்கவேண்டாம் என்று கடைசியாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கணவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படுக்கையைச் சுருட்டி உள்ளே கொண்டுவந்து போட்டான். "அப்போ அன்னிக்குப் பேசினது நீ இல்ல, பால்" என்றான். இருவரும் சிரித்தார்கள். நாத்தனார் மூக்கைச் சிந்திவிட்டு, தான் கேட்டது தப்புத்தான் என்றாள். இனி அந்த நேரத்தில் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றும் சொன்னாள். அவள் கை பட்டதும் துக்கம் கூடியது. அதைச் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை.

துக்கம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இப்போது வந்ததும், "சரி, இதோ பால்" என்று சொல்லிக்கொண்டாள். பயம் போயிருந்தது.

மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் ஒருவர் பாக்கி இருந்தார். ஒரு மத்தியானம் ரொட்டிக்கடைக்குப் போனாள். அன்றைக்கு உடம்பு சரியில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், நீங்கள் நன்றாகத்தான் ஓட்டினீர்கள், திரும்ப வாருங்கள் என்றாள். அவர் கல்லாவை விட்டு எழுந்துவந்து, வாடிக்கையாளருக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் பேசினார்.

"நீங்க சொன்னதுதான் மேடம் சரி. எனக்குப் பயம். பையன் கட்டாயப்படுத்தினான்னு வந்தேன். எல்லாரும் முடியும் முடியும்னே சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் நெஜத்தைச் சொன்னீங்க. அன்னிலேருந்து நிம்மதியாத் தூங்கறேன்."

அது நிஜம் இல்லை என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை. சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

தெருவில் நடந்துவரும்போது தெளிந்திருந்த குட்டை மறுபடியும் கலங்கிவிட்டது. பால் சொன்னது பொய் என்றல்லவா முடிவுசெய்திருந்தாள்? பால்தான் பேசியது, ஆனாலும் ரொட்டிக்கடைக்காரருக்கு அது நிஜமாக இருக்கிறது. அப்படியென்றால் கணவனிடம் சொன்னது? பிரியலாம் என்றது அந்த நிமிடத்தின் பேச்சு, அதில் சந்தேகம் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் அது வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது. ஆனால் என் வேலையை என்னைக் கேட்காமலே என்றதே, அது? அதைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது துக்கம் இல்லை, துணி நனையவில்லை. அது மட்டும் அதே இடத்தில் இருந்தது.

அன்று வீட்டில் கிளைப் பேச்சை எடுத்துப் பார்த்தாள். கணவன் கனிவாகச் சிரித்தான். "பால் நேரமா?" என்றான். இரண்டு நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தாள். அவன் குழந்தையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். உப்பு அதிகம் என்று அவள் சொன்னாலும் இப்போதெல்லாம் அந்தப் பார்வைதான். அவனிடம் துளி கெட்ட எண்ணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் எதைப் பிடித்துக்கொண்டு சண்டைபோடுவது என்று தெரியவில்லை. சில சமயம் அவளுக்கே நிச்சயமில்லாமல் போயிற்று. கோபம் வந்தால் முதலில் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை குழந்தைக்கு வயிறுமுட்டக் கொடுத்துவிட்டு, நாத்தனாரிடம் விட்டுவிட்டு, நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவன் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஃப்ரேமைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் போகும்வரை நின்றாள். பிறகு கண் பரிசோதிக்கும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கின.

"இப்பதான் பால் குடுத்துட்டு வரேன். பசிக்கல, தூக்கம் வரல. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். "புதுக் கிளையப் பத்தி முதலாளி கேட்டப்போ நீங்க ஏன் என்னக் கேக்கல?"

அவன் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தான். எதையோ தேடினான், கிடைக்கவில்லை. பிறகு கையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"கேட்டா நீ சரின்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது" என்றான்.

அவள் எதிர்பார்த்த பதில் அது இல்லை. மறந்துவிட்டேன் என்பான், உன் நல்லதுக்குத்தான் என்பான் என்று நினைத்து அதற்கெல்லாம் பதில் தயார்செய்து வந்திருந்தாள். தொலைவு அதிகம், நீ நாளெல்லாம் அங்கேயே இருந்துவிடுவாய், நானும் அக்காவும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வோம் என்று நினைத்தேன் என்றான். தப்புத்தான் என்றான். அவளுக்கு அழுகை வந்தது. இது எந்தக் கணக்கு அழுகை என்று தெரியாமல் அழுதாள். துணி நனையவில்லை. அவனும் அதைத் திருட்டுத்தனமாகப் பார்த்தான். அவன் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் கோபம் தீரவில்லை.

கிளைப் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. முதலாளியிடம் அவளே போய், அடுத்தமுறை எதுவானாலும் என்னிடம் பேசுங்கள் என்று சொன்னாள். அவர் சங்கடப்பட்டார். அடுத்த கோடையில், பழைய கிளையிலேயே கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோருக்கும் அவளைத் தலைமையாக வைத்தார். கணவன் அதற்குப்பின் அவளைக் கேட்காமல் ஒரு திரைச்சீலைகூட வாங்கவில்லை. அது கொஞ்சம் அளவுக்குமேல் போய், உப்பு வாங்கவா என்றும் கடையிலிருந்து போன் செய்தான். "பால் நேரமா" என்று கேட்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டான்.

சுண்டெலி நடக்க ஆரம்பித்தபின், அதுவாகவே பாலை மறந்தது. ஒரு வாரம் மார்பு கனத்தது, பிறகு வற்றியது. அதோடு அந்த நிமிடமும் நின்றுபோயிற்று.

அதற்கு வெகுநாளைக்குப்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு வருத்தமாக இருந்தது. கையை நிறுத்திக் காத்திருந்தாள், போய்விடும் என்று. போகவில்லை. மேலும் கொஞ்சம் காத்திருந்தாள். வானம் வெளுப்பாக இருந்தது, குழந்தை கட்டிலுக்கடியில் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது, கணவன் அடுத்த அறையில் மெல்லிய குரலில் போன் பேசினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்ல யாரும் இருப்பதாகவும் தோன்றவில்லை. மீதித் துணியைப் பக்கத்து அறைக்கு எடுத்துக்கொண்டுபோய், அவனருகில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள்.